கோடி வீட்டு அக்காவின் மூக்கு

டப்பாவுக்குள் மூக்கை விடக் கூடாது, மூடியைத்தான் முகர்ந்து பார்க்க வேண்டும். கோடி வீட்டு அக்காவிடம் முதல்முறை மிளகாய்த்தூளோடு போகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுக்கொண்டுதான் திரும்புவார்கள். "உள்ள கீற தூளு ஏமாத்தும்டி. தொறந்தவொடனே காரம் ஏறிக்கும், அப்பால ஒண்ணும் தெரியாது. மூடி ஏமாத்தாது" என்பாள். மூடியைத் திருப்பி, உட்புறத்தை மூக்குக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்தபடியே ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு தீர்ப்பு. "நல்லா கீது." அல்லது, "ஈரம் பட்டுக்கீது, இன்னைக்கே வெயில்ல கொட்டு." ரொம்ப மோசம் என்றால், "இத்த நாய்க்குக்கூடப் போடாத."

எங்கள் தெரு திருவொற்றியூருக்கு வடக்கே, கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டு கிடக்கும். பாதி ஆண்கள் விசைப்படகில் போகிறவர்கள். போனால் நாள்கணக்கில் கடலிலேயே சமையல், கடலிலேயே சாப்பாடு. அரிசியும் எண்ணெயும் படகுக்காரர் பொறுப்பு. மிளகாய்த்தூள் மட்டும் வீட்டிலிருந்து போகும். அடுத்த வீட்டுக் காரம் கடலில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு நம்பிக்கை. அப்படிப் போகிற டப்பா முதலில் அக்கா வீட்டு வாசலுக்கு வரும். அவள் மூடியை முகர்ந்து தலையாட்டினால்தான் படகு ஏறும். எப்போதோ பூஞ்சை பிடித்த தூளைத் தின்று நடுக்கடலில் நாலு பேர் சுருண்டு விழுந்ததாக ஒரு கதை உண்டு. எந்தப் படகு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

மூக்கின் வேலை அதோடு முடியவில்லை. எங்கள் ஊர்க் காற்று வெறுங்கையோடு வராது. மேற்கே மணலி, வடக்கே எண்ணூர். அழுகின முட்டை வாடை வரும், கரி வாடை வரும், பெயர் தெரியாத வாடைகளும் வரும். சாயங்காலம் ஏதாவது கிளம்பினால் தெரு மொத்தமும் அக்கா வாசலைப் பார்க்கும். "அக்கா, இது இன்னா வாடை?" அவள் வெளியே வந்து முகவாயைத் தூக்குவாள். "மணலிடி. டேங்கரு கழுவி வுட்டுகினு கீறானுங்க. ஒண்ணும் ஆவாது, ஜன்னல சாத்திகினு படு." சில நாட்களில், "வடக்காலேர்ந்து வருது. புள்ளைங்கள உள்ள இட்டுகினு போ." அவ்வளவுதான். தெரு நிம்மதியாக உள்ளே போய்விடும். டிவியில் செய்தியே வந்தாலும், அக்கா என்ன சொன்னாள் என்றுதான் கேட்பார்கள்.

அவள் வீட்டுச் சாமான் அலமாரி ஜன்னல் இல்லாத உள்சுவரில் இருந்தது. ஜன்னல் பக்கம் வைத்தால் சாம்பலையும் சேர்த்துத் தின்ன வேண்டியதுதான் என்பாள். மிளகாய்த்தூள் எவர்சில்வர் தூக்கில். தூக்கின் வாய்க்கும் மூடிக்கும் நடுவே வெளுத்த வேட்டித் துணி. தூளுக்குள்ளே துணியில் முடிந்த கட்டிப் பெருங்காயம். தனியா, சீரகம், சோம்பு எல்லாம் கண்ணாடி பாட்டிலில். பாட்டில் பாதியானால் உடனே அதைவிடச் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுவாள். "காலியா கீற எடத்துல காத்து வந்து குந்திக்கும். காத்துதான் வாசனையத் திங்கும்." பட்டை, கிராம்பு, ஏலக்காய்க்கு மேல்தட்டு. அவை மற்ற எதோடும் பேசக் கூடாது. புளி ஜாடியில் கல்லுப்பு, பருப்பு டப்பாவில் வசம்புத் துண்டு. கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து இலையாகவே போட்டு வைப்பாள், பொடிக்க மாட்டாள். கருவாட்டுக்குச் சமையலறையில் இடமே கிடையாது, அது பின்பக்கம் கம்பியில் தொங்கும்.

ஈரக் கரண்டியோடு யாராவது அந்த அலமாரியை நெருங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவாள். அவள் புருஷன் ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தவர். "ஹார்பர் உள்ள போறதுக்குக் கூட பாஸ் குடுத்துருவான். இவ டப்பாவத் தொறக்கறதுக்கு நாஸ்தியா பேச்சு கேக்கணும்" என்று எங்கள் அம்மாவிடம் புலம்புவார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே அவருக்குக் குழம்பு ஊற்றுவாள்.

இவையெல்லாம் தெருவுக்கே தெரிந்தவை. தெருவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் அவளோடு பழகிய காலத்தில் அக்காவுக்கு எந்த வாசனையும் தெரியாது.

ஊரையே முடக்கிப்போட்ட அந்தக் காய்ச்சல் வந்த வருஷம் அவள் புருஷன் போய்விட்டார். அதே வாரம் அவளும் படுத்திருந்தாள். அந்தக் காய்ச்சலில் எல்லோருக்கும் போல அவளுக்கும் வாசனை போயிற்று. எல்லோருக்கும் திரும்பி வந்தது. அவளுக்கு வரவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நான் கல்யாணம் முறிந்து அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த நேரம் அது. முறிந்த கதையில் சுவாரசியம் எதுவும் இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, சொன்னார், வந்துவிட்டேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தட்டில் போட்டால் சாப்பிட்டேன். போடாவிட்டால் கேட்கவில்லை. திட்டிப் பார்த்து, கொஞ்சிப் பார்த்து, கடைசியில் அம்மா பயந்துவிட்டாள். "இங்கியே வெறிக்க வெறிக்கப் பாத்துகினு குந்தாத. அக்கா வூட்லயாவது போய்க் குந்து" என்று விரட்டினாள். போய் உட்கார்ந்தேன். அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு மத்தியானம் அடுப்பில் வெந்தயத்தைப் போட்டுவிட்டு அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். வெந்தயம் சிவந்தது, கறுத்தது, புகைந்தது. அறை முழுக்கக் கசப்பு நெடி. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏதோ கைப்பக்குவம் போல என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான், "அக்கா, வெந்தயம் தீயுது" என்றேன். திரும்பிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். சட்டியை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மூக்கு செத்துப் பூட்ச்சுடி" என்றாள். "அவரு செத்தாரே, அந்த வாரம் போனது. இன்னும் வர்ல."

"டாக்டராண்ட காட்னியாக்கா?"

"காட்னேன். வரும்னாரு. எப்ப வரும்னேன். வரும்போது வரும்னாரு."

சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "யாராண்டயும் சொல்லாத. உன்னாண்ட சொல்றது செவுத்தாண்ட சொல்ற மாதிரி, அதான் சொன்னேன். புருசன் இல்ல. பொண்ணு கட்டிகினு பூட்டா. இந்தத் தெருவுல எனக்கு இந்த மூக்கு ஒண்டிதான் கீது. அதுவும் இல்லேன்னு தெரிஞ்சா என்ன எவ தேடிகினு வருவா?" என்றாள்.

சரி என்றேன்.

அன்றிலிருந்துதான் அவளை நான் சரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். தனியா வறுபடுவதைச் சத்தத்தில் பிடித்தாள். மிளகாயை நிறத்தில், மிளகை விரலால் நசுக்கி. எதையும் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டாள், கெட்டுப்போவதற்கு வெகு முன்பே கொட்டிவிடுவாள். துணி கட்டுவதும் பாட்டில் மாற்றுவதும் முன்பைவிட இப்போது இரட்டிப்பு என்று அம்மா சொன்னாள். அம்மா அதை வயதாகிற கிறுக்கு என்று நினைத்தாள். இன்னொன்றும் சொன்னாள். முன்பெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் முகர்வாளாம். இப்போது எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்தது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. டப்பாக்காரியின் முகத்தில் சந்தேகம் இருந்தால் தூளிலும் இருக்கும். காற்று வாடையையும் அப்படித்தான் ஒப்பேற்றினாள். கடல் காற்றா மணலிக் காற்றா என்று சேலைத் தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "உனுக்கு இன்னா தோணுது, சொல்லு பாக்கலாம்" என்று கேட்டு வாயைப் பிடுங்கி, அதையே திருப்பிச் சொன்னாள். கேட்டவர்கள் அக்கா தங்களைச் சோதிப்பதாக நினைத்துச் சிரித்தார்கள்.

டப்பாக்களுக்கு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் மூடியை முகர்ந்துவிட்டு, பிடித்துக்கொள்ளச் சொல்வதுபோல் என் கையில் தருவாள். நான் முகர்வேன். நன்றாக இருந்தால் பேசாமல் இருப்பேன். கெட்டிருந்தால் தண்ணீர் கேட்பேன். "இருடி, தரேன். இந்த டப்பாவுல பூசணம் கீது, இத்த மொதல்ல பாப்போம்" என்பாள் அக்கா. அந்தப் பெண்ணுக்குப் புருஷன் வீட்டில் தண்ணிகூடக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, எப்போது பார்த்தாலும் தாகம் தாகம் என்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மூக்கு மட்டும் வேலை செய்தது, மற்றதெல்லாம் அக்காவின் மூக்கு மாதிரிக் கிடந்தது.

மறு கோடையில் தடைக்காலம் வந்தது. மீன் குஞ்சு பொரிக்கிற பருவம் என்று கடலுக்குப் போகக் கூடாத நாட்கள். படகுகள் கரையில் கிடக்கும். ஆண்கள் வலை பின்னிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் கிடப்பார்கள். அந்த வெயிலில்தான் தெருவின் வருஷத்து மிளகாய் முழுவதும் மொட்டைமாடிகளில் காயும், வீடு வீடாக வறுபடும், மில்லுக்குப் போகும். வறுக்கிற நாளில் இருமாதவர் இருக்க முடியாது. தும்மல், இருமல், கண்ணீர் எல்லாம் அன்றைக்குக் கல்யாணச் சத்தம் மாதிரி. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அதனால்தான் அந்தக் காலையில் யாரும் கண்டுகொள்ளவில்லை. காற்று துளிக்கூட இல்லை. படகுகளில் கட்டியிருந்த கொடிகள் ஈரத்துணி மாதிரித் தொங்கின. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அடுப்பில் மிளகாய். எல்லோரும் இருமினோம். இருமிக்கொண்டே வறுத்தோம். வழக்கத்தைவிடக் கண் எரிந்தது. "இந்த தபா மொளகா செம காரம்" என்று ஒருத்தி பெருமையாகக்கூடச் சொன்னாள்.

எதிர்வீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது. அடுத்த வீட்டுக் கிழவர் வாசலில் வந்து மூச்சுக்குத் திணறினார். பெண்கள் கரண்டியும் கையுமாக அக்கா வாசலுக்கு வந்தார்கள்.

"அக்கா, இது மொளகா நெடிதானே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மூச்சை இழுத்தேன். தலைக்குள்ளேயே மிளகாய் ஏறியிருந்தது. அதற்குப் பின்னால் வேறு எதுவும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த நிலைமைக்கு எங்களிடம் சாடை எதுவும் இல்லை. "தெரியலக்கா" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். "மொளகா நெடிக்குக் கொயந்த வாந்தி எடுக்காது. இது கேஸு. அடுப்ப அணைச்சிட்டுக் கெளம்புங்க எல்லாரும்" என்றாள்.

உடனே அடுப்புகள் அணைந்தன. குழந்தைகள் இடுப்பில் ஏறின. கிழவரை இரண்டு பேர் தூக்கினார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

"எந்தப் பக்கம்க்கா?"

வருஷக்கணக்காக அவள்தான் சொல்லியிருக்கிறாள், மணலி என்றும் எண்ணூர் என்றும். வடக்கே ஓடினால் எண்ணூர். தெற்கே ஓடினால் ஒற்றியூர். மேற்கே தண்டவாளம் தாண்டினால் மணலிப் பக்கம். எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கால் வைத்தால் நேராக அதற்குள்ளேயே போய் விழலாம். சேலைத் தலைப்பைப் பார்த்தாள். அது அசையவில்லை. மொத்தத் தெருவும் இருமிக்கொண்டே அவள் மூக்கைப் பார்த்து நின்றது. அவள் பழக்கத்தில் முகவாயைத் தூக்கினாள். ஒரு மூச்சு இழுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்று பயம் வந்தது. பல மாதத்தில் எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான்.

அக்கா முகத்தைக் கீழே இறக்கினாள்.

"எனக்குத் தெரியாது."

"வெளாடாதக்கா. கொயந்த சாவுது இங்க."

"வெளாடல. அவரு போனதுலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாதுடி. இத்தினி நாளும் சும்மா சொல்லிகினு இருந்தேன். என் மூக்க நம்பி நிக்காதீங்க! மொளகா வறுக்காத ஆளு, வெளியேர்ந்து வந்தவன் எவனாவது கீறானா பாருங்க, அவன கேளுங்க. போங்கடி!"

கடைசி வார்த்தையைக் கத்திச் சொன்னாள். கூட்டம் உடைந்தது. சிலர் தெருமுனைக்கு ஓடினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்போதுதான் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்து வண்டியை நிறுத்தியிருந்தார். கண் இரண்டும் ரத்தமாக இருந்தன. "வடக்கால போவாதீங்க, அங்க கண்ணத் தொறக்க முடியல" என்றார். எல்லோரும் தெற்கே ஓடினோம். அக்கா கிழவரின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தாள்.

வடக்கே ஏதோ ஒரு குழாயில் கசிவு என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் நிறையப் பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் தெருவில் குழந்தையும் கிழவரும் பிழைத்துக்கொண்டார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினோம். மாடிகளில் மிளகாய் அப்படியே காய்ந்து கிடந்தது. தின்னலாமா கூடாதா? முன்பென்றால் ஒரு கை அள்ளிக்கொண்டு கோடி வீட்டுக்குப் போயிருப்பார்கள். யாரும் போகவில்லை. ஆளாளுக்கு முகர்ந்தார்கள், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், கடைசியில் மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார்கள்.

அக்காவை யாரும் பெரிதாகத் திட்டவில்லை. எதிர்வீட்டுக் குழந்தையின் அம்மா மட்டும் வாசலில் வந்து நின்று கேட்டாள். "போன தபா எங்க வூட்டுக்காரரு படகுக்கு டப்பா கொணாந்தேனே, நல்லா கீதுன்னியே. அது?"

"சும்மா சொன்னேன்" என்றாள் அக்கா. என் பெயரை எடுக்கவே இல்லை.

"இல்ல, நான்தான் மோந்து பாத்தேன். அது நல்லாதான் இருந்திச்சு" என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு வவுத்த வெச்சி வெளாடிகினு இருந்துக்கீறீங்க ரெண்டு பேரும்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழந்தை அவள் இடுப்பில் பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தது.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய காலையில் அக்கா குளித்து, வாசல் தெளித்து, படியில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்கள் பையோடு போனார்கள். பைக்குள்ளே கடையில் வாங்கிய மிளகாய்த்தூள் பாக்கெட்டுகள். ஒருத்தி, "சாப்டியாக்கா?" என்றாள், நடையை நிறுத்தாமல். அக்கா, "ஆச்சு" என்றாள். ஆகவில்லை, எனக்குத் தெரியும்.

பிறகு அக்காவின் மகள் வந்து அவளை எம்.கே.பி. நகருக்கு அழைத்துப் போய்விட்டாள். சாமான் அலமாரியை அக்கா என் அம்மாவிடம் விட்டுப்போனாள். எனக்கு ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலை கிடைத்தது. போக வேண்டும் போக வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன்.

இரண்டாம் மாடி, சின்ன வீடு. சமையல் மேடையில் மசாலா பாக்கெட்டுகளை வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். அதுவும் ஜன்னலோரத்தில். அக்கா அவற்றைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தாள். என் வேலையைப் பற்றிக் கேட்டாள், அம்மா முட்டிவலியைப் பற்றிக் கேட்டாள். மூக்கு எப்படி என்று நான் கேட்டேன். இல்லை என்பதுபோல் கையை விரித்தாள். மகள் டீ போட உள்ளே போன பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெருவுல இப்போ எதுனா வாடை வந்தா இன்னா பண்றாங்க?"

"யாரையும் கேக்கறதில்லக்கா. லேசா இருமல் வந்தாலே புள்ளைங்கள தூக்கிகினு கெளம்பிட்றாங்க."

"அது சரிதான்" என்றாள். சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள். "என்னப் பத்தி எதுனா பேசிக்கிறாங்களா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது உடனே தெரிந்துவிடும், முகம் பார்க்கத் தெரிந்தவள்.

"இல்லக்கா."

"அந்த எதிர் வூட்டுக்காரி? அவகூடவா?"

"இல்லக்கா. யாரும் ஒண்ணும் பேசறதில்ல."

மகள் டீயோடு வந்தாள். அக்கா வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாலு வார்த்த திட்டவாவது திட்டுவாங்கன்னு இருந்தேன்டி" என்றாள்.